'ஆள்' கணக்கும் காய்க் கணக்கும்: போடி மலைச்சரிவின் உழைப்பு வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஓர் ஊர் ஏதாவதொரு தொழிலில் 'தனித்தேர்ச்சி' பெறுவதைப் பொருளாதாரப் பாடநூல்கள் இயற்கை நிகழ்வைப் போலவே சொல்லிவருகின்றன. திருப்பூருக்குப் பனியன், சிவகாசிக்குத் தீப்பெட்டி, போடிக்கு ஏலக்காய். மண்வாகு, மழை, வியாபாரிகளின் சாமர்த்தியம், பழகிய கைகள் எல்லாம் கூடிவந்து அந்தந்த ஊருக்கு அந்தந்தத் தொழில் 'அமைந்துவிட்டது' என்பதாக இந்தக் கதையாடல் முடியும். இதில் வியாபாரி வருவார், விளைச்சல் வரும், விலை வரும். வேலை செய்கிறவர்கள் கடைசிப் பத்தியில் எண்ணிக்கையாக வந்துபோவார்கள்.

இந்தத் தத்துவத்தின் மூலபாடத்தை டேவிட் ரிக்கார்டோ 1817இல் எழுதினார். போர்ச்சுக்கல்லில் ஒயினுக்கு 80 ஆள், துணிக்கு 90 ஆள். இங்கிலாந்தில் துணிக்கு 100 ஆள், ஒயினுக்கு 120 ஆள். ஆகவே போர்ச்சுக்கல் ஒயினோடும் இங்கிலாந்து துணியோடும் நின்றுகொண்டு பண்டமாற்றுச் செய்தால் இருவருக்கும் ஆதாயம். கணக்கு அழகானதுதான். ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. சரக்கு மட்டுமே எல்லையைத் தாண்டலாம்; மூலதனமும் உழைப்பும் அவரவர் நாட்டிலேயே நிற்க வேண்டும்.

போடியில் பிறந்து வளர்ந்த எனக்கு 'ஆள்' என்ற சொல் ரிக்கார்டோவைப் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே அறிமுகம். "நாளைக்கு ஏழு ஆளு வேணும்." "ஆளு ஏத்திட்டு ஜீப்பு போயிருச்சு." "இன்னிக்கு ஆளு கெடைக்கல." இந்த ஆள் பெரும்பாலும் பெண். என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேலாக அப்படியொரு 'ஆளாக' இருந்தார். விடியுமுன் மேலே ஏறி, பொழுது சாய்ந்து கீழே இறங்கினார். அவர் பறித்த காயும் அதே பாதையில் இறங்கியது. ரிக்கார்டோவின் நிபந்தனை எங்கள் ஊரில் தினமும் இரண்டு தடவை மீறப்பட்டுவந்தது.

இந்தக் கட்டுரை கேட்க விரும்புவது ஒரே கேள்வி: ஏலக்காயில் தனித்தேர்ச்சி பெற்றது யார்? ஊரா, சந்தையா, அல்லது குத்தவைத்துக் குத்தவைத்து முட்டி தேய்ந்த அந்த உடம்புகளா?

2

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'ஏலக்காய் நகரம்' என்று பெயரெடுத்த போடியின் மண்ணில் அந்த ஏலக்காயின் பெரும்பகுதி விளைவதில்லை. ஊர், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. மழை மறைவுப் பக்கமான எங்கள் சரிவில் காபி, மிளகு. அடிவாரத்தில் இலவமரமும் மாவும். இலவம்பஞ்சு மெத்தைக்கும் தலையணைக்கும் போடிதான் பேர்போனது. ஏலத்துக்கு வேண்டிய ஈரமும் மரநிழலும் மலையின் அந்தப் பக்கத்தில், பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என நீளும் சோலைகளில் இருக்கின்றன. அது திருவிதாங்கூர் மண். இன்றைக்குக் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். ஆக ஆரம்பத்திலிருந்தே பயிர் ஓர் ஆட்சியில், ஆள் இன்னோர் ஆட்சியில்.

முதுவர், மன்னான், பளியர் ஆகிய மலைமக்கள் காட்டில் தானாக விளைந்த காயைச் சேகரித்துவந்தார்கள். திருவிதாங்கூர் அரசு அதைத் தன் ஏகபோகச் சரக்காக்கிக்கொண்டது. 1822 வாக்கில் ஏலச் சாகுபடியை அரசே ஊக்குவிக்கத் தொடங்கியபோது மலையேறியவர்களில் பெரும்பாலோர் மதுரைச் சீமைக் குடியானவர்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கத்திலிருந்தும் போனவர்கள். அவர்கள் சோலையின் அடிக்காட்டை வெட்டி, பெரிய மரங்களை நிழலுக்கு விட்டு, ஏலம் வைத்தார்கள். காயை அரசின் பண்டகசாலையில் ஒப்படைத்து அதற்கான பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பனை ஆலப்புழையில். இன்றுவரை முதல்தரப் பச்சைக் காய்க்குச் சந்தையில் 'ஆலப்பி கிரீன்' என்றுதான் பெயர். பறித்தவர்களின் ஊர்ப்பெயர் எந்தத் தரத்துக்கும் வைக்கப்படவில்லை.

1869இல் ஏலமலைகளுக்கென்று தனி சூப்பரின்டெண்டு பதவி உருவாக்கப்பட்டது. அப்பதவியில் இருந்த ஜே. டி. மன்றோதான் 1877 ஜூலையில் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். ஏலத்தைக் காவல் காக்க வந்த அதிகாரி தேயிலைக்கு நிலம் பிடித்துக்கொண்டு போன இந்தச் சம்பவத்தைத் தனிமனித சாகசமாக வாசிக்க வேண்டியதில்லை. மலை அப்போது அரசின் வருவாய்க் கணக்கிலிருந்து தனியார் மூலதனத்தின் கணக்குக்குக் கைமாறிக்கொண்டிருந்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஏகபோகம் கைவிடப்பட்டு நிலவரி வந்தது. 1897இல் ஏலமலைக் காடுகள் ஒதுக்குக் காடுகளாக அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிப்பில் சொல்லப்பட்ட பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்கிற சண்டை இன்னும் ஓயவில்லை. முன்னால் ஒரு '2' இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இரண்டு லட்சம் ஏக்கர் காடாகிறது அல்லது வருவாய் நிலமாகிறது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2024 அக்டோபரில் அங்கே புதிய பட்டாக்கள் வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டது. நிலத்தின் ஓர் எண்ணுக்காக நூற்றாண்டைத் தாண்டி வக்கீல்கள் வாதாடுகிறார்கள். ஆள் எண்ணிக்கைக்காக அப்படி யாரும் வாதாடியதாக எனக்குத் தெரியவில்லை.

3

ஒரு காலத்தில் போடி ஏலக்காய்க்கு மட்டுமான ஊராக இருக்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். மூணாறின் தேயிலைகூட எங்கள் ஊர் வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது. 1908இல் அது குறும்பாதை ரயிலாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷன்வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. வண்டிக்காரர்கள், லாடம் கட்டுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், பெட்டி அடிக்கிற ஆசாரிகள் என்று ஒரு போக்குவரத்துத் தொழிலே இதை நம்பி இருந்தது.

1924 பெருவெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. அது மறுபடி போடப்படவில்லை. பின்னர் மலையின் மேற்குப் பக்கம் சாலைகள் மேம்பட்டதும் தேயிலை கொச்சிப் பக்கம் திரும்பிவிட்டது. இதில் ஒரு முரண்நகை. மதுரை - போடி ரயில் பாதை திறக்கப்பட்டதே 1928இல்தான். ரயில் வந்தபோது சரக்கு வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தத் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். அகலப்பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட ரயில் 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்குத் திரும்ப வந்தது. நூறு வருஷத்துக்குள் இரண்டு முறை ரயிலை இழந்த ஊர் இது.

தேயிலை போனது, ஏலம் ஏன் போகவில்லை? பயிரின் குணத்தில் இதற்குப் பதில் இல்லை; உற்பத்தி உறவில்தான் தேட வேண்டும். தேயிலை கம்பெனியின் பயிர். கம்பெனியே தொழிற்சாலை கட்டும், ரயில் போடும், லயம் கட்டி ஆட்களைக் குடியமர்த்தும். எந்தத் துறைமுகம் மலிவோ அங்கே திரும்பிக்கொள்ளும். ஏலம் அப்படியல்ல. பத்து ஏக்கர், இருபது ஏக்கர், சில இடங்களில் நூறு ஏக்கர் எனச் சிதறிக் கிடந்த தோட்டங்கள். தோட்டக்காரருக்கு மழைக்காலத்தில் செலவுக்குப் பணம் வேண்டும், அரிசி வேண்டும், ஆள் வேண்டும். இம்மூன்றையும் முன்பணமாகக் கொடுத்து, காயாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும் வியாபாரிகள் கிழக்கே அடிவாரத்தில் இருந்தார்கள். ஆக ஏலத்தைப் போடியோடு கட்டிவைத்த கயிறு ரயிலும் அல்ல, மண்ணும் அல்ல, கடன். 'தனித்தேர்ச்சி' என்று பின்னால் பெயர் சூட்டப்பட்டதன் முதல் வடிவம் கடன்பத்திரம்தான்.

4

1956 நவம்பர் 1 அன்று இந்தக் கயிற்றின் குறுக்கே ஒரு கோடு போடப்பட்டது. தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்கள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் நாம் அறிந்தது. மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அவற்றைக் கேரளத்துக்கே விட்டது. நான் கவனப்படுத்த விரும்புவது அன்றைய வாதங்களின் அமைப்பை. தமிழ்த் தரப்பு, தோட்டத்தில் உழைக்கும் தமிழர்களின் எண்ணிக்கையைக் காட்டி 'மண் எங்களுடையது' என்றது. எதிர்த்தரப்போ, 'அவர்கள் வந்துபோகிறவர்கள். குடிகள் அல்ல' என்றது. இரு தரப்புக்குமே அந்த ஆட்கள் ஒரு சான்று, அவ்வளவுதான். கூலி என்ன, குழந்தைகள் எங்கே படிக்கின்றன, நோவு வந்தால் யார் பார்ப்பது ஆகிய கேள்விகள் இரு தரப்பு வரைபடங்களிலும் இடம்பெறவில்லை. 'வந்துபோகிறவர்கள்' என்ற அந்தச் சொல் மட்டும் நிலைத்துவிட்டது. அதன்பிறகு வரலாறு அச்சொல்லை மெய்யாக்கிக் காட்டியது.

1940களின் உணவு நெருக்கடிக் காலத்திலிருந்தே மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து குடியேற்றம் தொடங்கியிருந்தது. 1950களின் நடுவில் பட்டம் தாணுபிள்ளை அரசு மலைப்பகுதியில் குடியேற்றத் திட்டங்களைக் கொண்டுவந்தது. கோட்டயம், பாலாய்ப் பக்கத்துச் சிறுவிவசாயிகள் மலையில் வீடு கட்டி, மரச்சீனியும் மிளகும் ஏலமும் போட்டு, குடியானவர்களாக நிலைத்தார்கள். எங்கள் ஆட்கள் ஆட்களாகவே இருந்தார்கள்.

இங்கே நம்முடைய வசதியான தமிழ் - மலையாள எதிர்வு உடைபடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருந்தவர்களில் கணிசமானோர் போடியிலும் கம்பத்திலும் தேனியிலும் வீடும் கிட்டங்கியும் உள்ள தமிழர்கள்தாம். நிலவுடைமையும் வணிகமும் கைவந்த சாதியினர் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து கோட்டைத் தாண்டினார்கள். தலித் குடியிருப்புகளிலிருந்தும் நிலமற்ற பிற சாதிகளிலிருந்தும் வந்த பெண்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு தாண்டினார்கள். எல்லைக்கோடு ஒன்றுதான், தாண்டுகிற விதம் வேறு. முன்சீட்டுக்காரருக்கு அந்தக் கோடு சொத்து. பின்சீட்டுக்காரருக்கு அந்தக் கோடு, சட்டம் நின்றுபோகிற இடம்.

5

என் அம்மாச்சி காலத்தில் மலைக்குப் போவது என்றால் தங்கப்போவது. அரிசி, பருப்பு, கருவாடு, கம்பளி எல்லாம் கட்டிக்கொண்டு நடந்தே ஏறுவார்கள். "மூணு மாசம் மழையில கெடந்துட்டு, கார்த்திகை பொறக்கவும் எறங்குவோம். வீட்டுல வெளக்கு ஏத்த ஆளு இருக்காது" என்பார். அட்டைக்கும் குளிர்க்காய்ச்சலுக்கும் தப்பி இறங்கியவர்கள் அந்தப் பணத்தில் கடனை அடைத்துவிட்டு, மிச்ச மாதங்களில் கீழே சோளம், கடலை, நெல் என்று வயல்வேலை பார்த்தார்கள். மலை ஒரு பருவம். சமவெளி மற்றொரு பருவம்.

அம்மா காலத்தில் ஜீப் வந்துவிட்டது. 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டு ரோட்டில் விடியற்காலையில் வரிசையாக ஏறும் ஜீப்புகளின் வெளிச்சத்தை எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம். கம்பம்மெட்டு, குமுளி வழிகளிலும் இதே கதைதான். இதை 'போக்குவரத்து வசதி' என்று மட்டும் வாசித்தால் விஷயம் தப்பிப்போகும். ஆளைத் தினமும் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடிந்ததால் தோட்டக்காரருக்கு லயம் கட்டும் செலவு இல்லை, பிள்ளைமடுவம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இவற்றையெல்லாம் கட்டாயமாக்கியிருந்தது. ஆனால் ஐந்து ஹெக்டேருக்குக் கீழ்ப்பட்ட தோட்டங்களுக்கும் 15 பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருந்த தோட்டங்களுக்கும் அச்சட்டம் பொருந்தவில்லை. ஏலத்தோட்டங்களில் பல அந்த அளவுக்குள் அடங்கின. மார்க்ஸிய மொழியில் சொன்னால், உழைப்புச் சக்தியின் நுகர்வு மேலே நடந்தது. அதன் மறுஉற்பத்தி கீழே நடந்தது. சோறாக்குவது, பிள்ளை பெறுவது, காய்ச்சலில் படுப்பது, கிழடுதட்டிக் கிடப்பது எல்லாம் போடியின் செலவு. சாயந்திரம் இறங்குகிற உடம்பை ராத்திரிக்குள் சரிசெய்து காலையில் திருப்பி அனுப்புவது போடி வீடுகளின் வேலை. அதற்குக் கூலி கிடையாது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் உலகச் சந்தை இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் மூலமாக நம் ஏலக்காய் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவுக்குப் போனது. அங்கே ஆல்டா வெராபாஸ் மலைகளில் மாயா பழங்குடி மக்களின் உழைப்பில் பெருகியது. அவர்கள் தங்கள் சமையலில் அதைச் சேர்ப்பதே அரிது. சவூதியில் காப்பியில் போட்டுக் குடிப்பதற்காக விளைவித்தார்கள். 1980களில் குவாத்தமாலா உலக ஏற்றுமதியில் இந்தியாவைத் தள்ளிவிட்டு முன்னால் போயிற்று. இங்கே 1982-83 வறட்சி தோட்டங்களைக் காயப்போட்டது. கொச்சியில் இருந்த ஏலக்காய் வாரியம் 1987இல் நறுமணப் பொருள்கள் வாரியமாக விரிவாக்கப்பட்டது.

இந்த நெருக்கடிக்குப் பதில் ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்த்த 'ஞள்ளானி' ரகம் 1990களில் மலை முழுக்கப் பரவியது. ஹெக்டேருக்குச் சில பத்துக் கிலோ எடுத்த இடத்தில் நூற்றுக்கணக்கான கிலோ. ஆனால் ஞள்ளானிக்கு உரம் வேண்டும், தண்ணீர் வேண்டும், நிழலைக் குறைக்க வேண்டும், அடிக்கடி மருந்து அடிக்க வேண்டும். முக்கியமாக, பறிக்க ஆள் வேண்டும். ஏலச்செடியின் காய் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படர்ந்து ஓடும் சரத்தில் காய்க்கிறது. ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் சேர்ந்திருக்கும். குத்தவைத்து, சருகை விலக்கி, முற்றியதை மட்டும் எடுத்துப் பிஞ்சை விட வேண்டும். முப்பத்தைந்து, நாற்பது நாளுக்கு ஒரு சுற்று. இதற்கு இன்றுவரை இயந்திரம் கிடையாது. ஆகவே விளைச்சல் பெருகப் பெருக ஜீப்புகள் பெருகின. பெண்கள் காய் எடுத்தார்கள், ஆண்கள் மருந்தடித்தார்கள். மருந்தடித்த தோட்டத்தில் மறுநாள் காயெடுத்த பெண்களின் விரல்நுனிகளைப் பற்றி எந்த ஏற்றுமதி அறிக்கையும் பேசுவதில்லை. சவூதி திருப்பி அனுப்பிய சரக்கில் இருந்த மருந்தின் மிச்சத்தைப் பற்றி மட்டும் பேசும்.

முற்றிய காய் எது, பிஞ்சு எது என்பதை மழை மூட்டத்தில், ஒரு பார்வையில், விரல் தொட்ட மாத்திரத்தில் அம்மா சொல்லிவிடுவார். தனித்தேர்ச்சி என்றால் இதுதான் தனித்தேர்ச்சி. சம்பளச் சீட்டில் அவர் 'தேர்ச்சியற்ற தொழிலாளி'.

6

இனி எண்ணிக்கை விஷயத்துக்கு வருவோம். பிரதேச வேலைவாய்ப்பு மாற்றங்களைப் பற்றிய ஆய்வுகளுக்கு அடிப்படை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1971, 1981, 1991 கணக்கெடுப்புகளில் தொழில்கள் ஒன்பது வகையாகப் பிரிக்கப்பட்டன. விவசாயக் கூலி இரண்டாம் வகை. கால்நடை, காடு, மீன்பிடிப்பு, வேட்டை, தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றாம் வகை. அம்மா ஆடியில் ஏலத்தோட்டத்தில் காயெடுத்தபோது மூன்றாம் வகை. மாசியில் கீழே கடலைக்குக் களையெடுத்தபோது இரண்டாம் வகை. கணக்கெடுப்பாளர் வந்து கேட்ட நாளில் எதைச் சொன்னாரோ அதுவே பத்து வருஷத்துக்கு அவருடைய தொழில்.

2001இலும் 2011இலும் ஒன்பது வகை நான்காகச் சுருங்கிவிட்டது: விவசாயி, விவசாயக் கூலி, வீட்டுத்தொழில், 'பிற'. தோட்டத் தொழில் 'பிற'வுக்குள் போயிற்று. அரசு ஊழியர், ஆசிரியர், வியாபாரி எல்லாரும் அந்தப் 'பிற'வில்தான் இருக்கிறார்கள். அட்டவணையில் என் அம்மாவும் ஏலக்காய் வியாபாரியும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்! இந்த அட்டவணையை வைத்துக்கொண்டு, 'தேனி மாவட்டத்தில் விவசாயக் கூலிகள் குறைந்து பிற தொழில்கள் பெருகியிருக்கின்றன. இது வளர்ச்சியின் அடையாளம்' என்று ஒருவர் ஆய்வேடு எழுதிவிட முடியும்.

இன்னொன்று. ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவரை சென்சஸ் 'மார்ஜினல்' தொழிலாளி என்கிறது. நாம் நம் பத்திரிகைகளில் 'விளிம்புநிலை' என்று எழுதி எழுதிப் பழகிய அதே சொல்தான். நமக்கு அது அரசியல். கணக்கெடுப்பவருக்கு அது நாள் கணக்கு.

ஆளை அவர் தூங்குகிற ஊரில் எண்ணுகிறார்கள். காயை அது விளைகிற ஊரில் எண்ணுகிறார்கள். அதனால் ஏலக்காய் உற்பத்தி கேரளத்தின் புள்ளிவிவரம். காய் எடுத்தவர் தமிழ்நாட்டின் புள்ளிவிவரம். இரண்டையும் ஒரே வரியில் வைத்துப் பார்க்கும் அட்டவணை கிடையாது. ஒரு பிரதேசத்தின் தனித்தேர்ச்சியை அளக்க வாய்பாடு ஒன்று வைத்திருக்கிறார்கள். வட்டாரத்தின் மொத்த வேலைவாய்ப்பில் ஒரு தொழிலுக்குள்ள பங்கை, நாட்டின் மொத்த வேலைவாய்ப்பில் அதே தொழிலுக்குள்ள பங்கால் வகுக்க வேண்டும். வகுக்கலாம்தான். ஆனால் மலைச்சரிவை நடுவில் வெட்டி இரண்டு தாளில் எழுதிவைத்திருக்கிறார்களே, எதை எதனால் வகுப்பது?

7

இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன என்பது, கிழிந்தபோதுதான் தெரிந்தது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்தபோது இடுக்கித் தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் தாக்குதலுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி, கைக்குழந்தைகளோடு மலையிறங்கினார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் மக்கள் பல்லாயிரக்கணக்கில் எல்லையை நோக்கிப் போனார்கள். எங்கள் தெருவில் ஜீப் சத்தம் இல்லாத விடியல்கள் அப்போதுதான் வந்தன. தண்ணீர் உரிமைக்காகப் போராடியது நியாயம்தான். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்த வாரங்களில் மேடைகளில் பேசியவர்கள் யாரும், கூலி நின்றுபோன பெண்களின் அடுப்பைப் பற்றிப் பேசியதை நான் கேட்கவில்லை. 1955இல் போலவே அப்போதும் அவர்கள் சான்றாக மட்டுமே இருந்தார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லை மூடியது. அடுத்த பருவத்தில் பாஸ், பரிசோதனை, தடுப்புகள். இந்த இரண்டு உடைப்புகளிலிருந்தும் தோட்டக்காரர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள்: எல்லைக்கு அப்பால் தூங்குகிற ஆளை நம்ப முடியாது. ஜார்க்கண்ட், அசாம், மத்தியப் பிரதேசம், வங்காளத்திலிருந்து இளம் தம்பதிகள் முன்னமே வரத் தொடங்கியிருந்தார்கள். இப்போது அது பெருகியது. அவர்கள் தோட்டத்திலேயே தங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிட்டால் வருகிறார்கள். அம்மாச்சியின் காலம் வேறு மொழியில் திரும்ப வந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. "இந்திக்காரவுக வந்து நம்ம பொழப்பக் கெடுத்துட்டாக" என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். 'பாண்டிக்காரர்கள் வந்துபோகிறவர்கள்' என்று ஒரு காலத்தில் நம்மைச் சொன்ன அதே வாக்கியத்தை நாம் அவர்களுக்குத் திருப்பிச் சொல்கிறோம்.

காயின் கதை வேறு. 2007 முதல் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பித்தானை அமுக்கி ஏலம் கேட்கிறார்கள். 2018 வெள்ளத்துக்கும் அடுத்த வருஷத்து வறட்சிக்கும் பிறகு, 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடியில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. பத்திரிகைகள் கொண்டாடின. அன்று காய் எடுத்துவிட்டு இறங்கிய பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். "ஏழாயிரமா? நாங்க எடுத்த காயா?" என்று கேட்டுவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். அந்த வாரம் ஆள் கூலி ஏறவில்லை.

8

மூணாறில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தொழிலாளர் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், 'பெண்பிளை ஒருமை' என்ற பெயரில் கம்பெனியை மட்டுமல்ல, தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். 232 ரூபாயாக இருந்த தினக்கூலி பின்னர் 301 ஆயிற்று. நண்பர்கள் கேட்டார்கள்: "அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியல?" அங்கே அவர்கள் ஒரே லயத்தில் வாழ்கிறார்கள், ஒரே முதலாளியைப் பார்க்கிறார்கள், ஓட்டும் வேலையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இங்கேயோ பத்துப் பேர் ஒரு ஜீப், ஜீப்புக்கு ஒரு தோட்டம், வேலை ஒரு மாநிலம், ஓட்டு வேறு மாநிலம். லயத்தை நான் கொண்டாடவில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் லயங்களோடு புதைந்துபோன 70 உயிர்களை மறந்துவிட்டு அப்படிக் கொண்டாட முடியாது. சங்கம் கட்டுவதில் உள்ள தடை பெண்களின் 'விழிப்புணர்வின்மை' அல்ல, உழைப்பின் புவியியல் என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்று எங்கள் தெருப் பெண்கள் மூன்று விதமாகப் பிரிந்திருக்கிறார்கள். வயதானவர்கள் நூறுநாள் வேலைக்கும் கிட்டங்கிகளில் காய் ஆய்வதற்கும் போகிறார்கள். சல்லடையில் சலித்து, எட்டு மில்லிமீட்டருக்கு மேலுள்ள குண்டுக்காயைத் தனியாக, வெடித்ததைத் தனியாக, நிறம் மங்கியதைத் தனியாகப் பிரிக்கிற வேலை. நடுவயதுக்காரர்கள் இன்னும் ஜீப் ஏறுகிறார்கள். இளம்பெண்கள் நூற்பாலைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். அட்டவணையில் இது 'வேலைவாய்ப்புப் பன்முகமாதல்'. வீட்டுக்குள் இது அம்மாச்சி, அம்மா, மகள்.

அம்மா மலையேறுவதை நிறுத்தியபிறகு உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான். "எங்கம்மா வேலை பாத்தீங்க?" என்றார். அம்மா தோட்டத்தின் பெயரைச் சொன்னார். "அது கேரளாவுல்ல?" அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அம்மா பத்து விரலையும் மேசைமேல் வைத்துக் காட்டினார். அதை ஒட்டவைக்கிற இடம் படிவத்தில் இல்லை.

ஏலம் போகிற ஒவ்வொரு லாட்டுக்கும் எண் இருக்கிறது. எடை, விலை, விற்றவர், வாங்கியவர் எல்லாம் பதிவாகின்றன. ஆகவே கணக்கு வைக்கத் தெரியாததால் ஆள் கணக்கு இல்லாமல் போகவில்லை. பீடிச் சுருட்டுகிறவர்களுக்காக 1976 சட்டப்படி பீடியின்மீது விதிக்கப்பட்ட நலவரி 2017வரை இருந்தது. கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996 சட்டப்படி கட்டுமானச் செலவில் ஒரு சதவீதம் முதல் இரண்டு சதவீதம்வரை வசூலிக்க வழி ஏற்பட்டது. ஏலத்தில் போகும் ஒவ்வொரு கிலோவின்மீதும் ஒரு சிறு தொகையைப் பிடித்து, எடுத்தவர் போடிக்காரராயினும் ராஞ்சிக்காரராயினும் இரு மாநிலங்களிலும் செல்லுபடியாகும் ஒரே அட்டையில் வரவு வைக்க முடியாதா? நறுமணப் பொருள்கள் வாரியம் மத்திய அரசுடையது. அதற்கு மாநில எல்லை கிடையாது. சந்தைக்கு இல்லாத எல்லை சலுகைக்கு மட்டும் எதற்கு?

இதை ஒரு தீர்வாக அல்ல, விவாதத்துக்கான தொடக்கமாகவே முன்வைக்கிறேன். தொழிற்சங்க நண்பர்கள், குறிப்பாக மலைக்கு இருபுறமும் வேலை செய்கிறவர்கள், இதில் எது நடைமுறைக்கு ஒவ்வாது என்று எழுத வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு வருகிறது. வீட்டுக்கு வருபவர் 'என்ன தொழில்' என்று கேட்கும்போது, 'கூலி' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாமல், எந்த மலையில், எந்தக் காய், எத்தனை வருஷம் என்று சொல்லும்படி எங்கள் தெருவில் நான் சொல்லிவருகிறேன். அம்மா சிரிக்கிறார். "எழுதுறதுக்குக் கட்டம் இருக்கணும்ல?" என்கிறார்.